ஒரு புதுமுக வீரரின் விலை என்ன? அமெரிக்காவின் கற்பனை அணி விளையாட்டும் அதன் கணக்கும்

2023 செப்டெம்பர் 18. திங்கட்கிழமை விடியப்புறம் கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்தபோது, ஸ்காபரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகனிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்திருந்தது. அந்த நேரத்தில் வெளிநாட்டிலிருந்து ஏதாவது வந்தால் எங்கள் வீடுகளில் முதலில் வருவது பயம்தான். யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்றுதான் மனம் நினைக்கும். பதற்றத்தோடு திறந்து கேட்டேன்.

"தங்கச்சி, நான் எடுத்த பெடியன் இண்டைக்குப் பதினைஞ்சு பந்து பிடிச்சிட்டான். போன கிழமை வரைக்கும் அவன் ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. எங்கட லீக்கில அவன் என்னட்ட மட்டும்தான் இருக்கிறான்."

எந்தப் பெடியன், என்ன பந்து, 'என்னட்ட இருக்கிறான்' என்றால் என்ன அர்த்தம், ஒன்றுமே விளங்கவில்லை. ஆனால், அண்ணாவின் குரலில் அப்படியொரு சந்தோஷத்தை நான் கேட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து குடும்பம் வெளிக்கிட்டபோது அவருக்கு ஆறு வயது. கனடாவுக்குப் போனபோது பன்னிரண்டு. அதற்குப் பிறகு எங்களுக்குள் நடந்த பேச்செல்லாம் செத்தவீடு, கலியாணவீடு, காணி உறுதி, காசு அனுப்புவது ஆகியவற்றைப் பற்றித்தான். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவர் தனக்குப் பிடித்த ஒன்றைப் பற்றி என்னோடு பேசினார்.

கனடாவிலும் அமெரிக்காவிலும் பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகள் பலர் செப்டெம்பர் தொடக்கம் ஜனவரி வரை ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியை விட்டுத் தலை நிமிர்த்த மாட்டார்கள். அந்தத் தொலைபேசிக்குள் என்ன நடக்கிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரை விளக்கப் பார்க்கிறது. குறிப்பாக ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்: இதுவரை ஒரு தொழில்முறைப் போட்டியிலும் ஆடாத இருபத்தொரு, இருபத்திரண்டு வயது இளைஞன் ஒருவன் எப்படி ஆடுவான் என்று எதை வைத்துக் கணிக்கிறார்கள்?

உதைக்காத உதைபந்தாட்டம்

அமெரிக்கர்கள் 'புட்போல்' என்று சொல்வது நாங்கள் ஆடும் உதைபந்தாட்டம் அல்ல. எங்களுக்குத் தெரிந்த விளையாட்டுகளில் றகர்தான் அதற்குக் கிட்டிய உறவு. பக்கத்துக்குப் பதினொரு பேர். 100 யார்ட் நீளமான மைதானம். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் கிடைக்கும். அதற்குள் பத்து யார்ட் முன்னேறிவிட்டால் மறுபடியும் நான்கு முயற்சிகள். இப்படியே போய் எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி. அதை டச்டவுன் என்கிறார்கள்.

பந்தை எறிபவர் குவாட்டர்பேக். அதைப் பிடிப்பதற்காக மைதானத்தின் ஓரத்தில் நின்று ஓடுபவர் வைட் ரிசீவர். அவர் கண்டபடி ஓடுவதில்லை. எத்தனை அடி ஓடி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருக்கும். பல தடவைகளில் ரிசீவர் திரும்புவதற்கு முன்னரே பந்து எறியப்பட்டுவிடும். அவர் அந்த இடத்துக்கு வருவார் என்ற நம்பிக்கையில்தான் குவாட்டர்பேக் எறிகிறார். ஒரு அடி பிந்தினால் பந்து எதிரணியின் கையில். ஆகவே, வேகமும் உயரமும் மட்டும் போதாது. நூற்றுக்கணக்கான திட்டங்களை மனப்பாடம் செய்து, எதிரில் நிற்பவன் அசையும் விதத்தைப் பார்த்து, ஓடிக்கொண்டே முடிவெடுக்க வேண்டும். பல்கலைக்கழக அணியிலிருந்து நேரே வரும் புதுமுக வீரர் தடுமாறுவது இங்கேதான்.

அந்தப் புதுமுக வீரரைத்தான் 'ரூக்கி' என்கிறார்கள். என்.எப்.எல். என்ற தொழில்முறைத் தொடரில் 32 அணிகள் இருக்கின்றன. ஒவ்வோர் ஏப்ரலிலும் அவை முறைவைத்து, ஏழு சுற்றுகளில், பல்கலைக்கழக வீரர்களைத் தெரிவு செய்கின்றன. முந்தைய பருவத்தில் மோசமாகத் தோற்ற அணிக்கு முதல் உரிமை. இந்தத் தெரிவுக்குப் பெயர் ட்ராஃப்ட். வீரர் எந்த அணிக்குப் போவது என்பதில் அவருக்குச் சொல் இல்லை.

புள்ளிகளால் ஆன அணி

இதற்கு மேல் கட்டப்பட்டதுதான் கற்பனை அணி விளையாட்டு, அதாவது ஃபான்டசி புட்போல். பத்து அல்லது பன்னிரண்டு நண்பர்கள் ஒரு லீக்கை அமைக்கிறார்கள். ஓகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் கூடி, உண்மையான வீரர்களை முறைவைத்துத் தங்கள் தங்கள் அணிக்கு எடுக்கிறார்கள். ஒருவர் எடுத்த வீரரை மற்றவர் எடுக்க முடியாது. அந்த வீரர் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் செய்வதெல்லாம் புள்ளியாக மாறி, எடுத்தவரின் கணக்கில் சேரும். யாரும் எடுக்காத வீரர்கள் பொதுக் குளத்தில் இருப்பார்கள். வாரா வாரம் அதிலிருந்து ஒருவரை எடுத்து, உள்ளவர்களில் ஒருவரை விடலாம்.

இதன் பிறப்பிடம் கலிபோர்னியாவின் ஓக்லண்ட். அப்போது அந்நகர அணியாக இருந்த ரெய்டர்ஸின் பங்காளிகளில் ஒருவரான பில் விங்கன்பாக் 1962இல் நியூயோர்க் ஹோட்டல் ஒன்றில் சிலரோடு இருந்து விதிகளை எழுதினார். 1963 ஓகஸ்டில் முதலாவது லீக் வீரர்களைத் தெரிவு செய்தது. அப்போது பத்திரிகையைப் பார்த்துக் கையால் கணக்கு எழுதினார்கள். இணையம் வந்த பிறகு தொலைபேசியே கணக்குப் பார்க்கிறது.

ரிசீவருக்கான புள்ளிக் கணக்கு எளிது. பரவலாக உள்ள முறையில் பந்தைப் பிடித்தால் 1 புள்ளி. பத்து யார்ட்டுக்கு 1 புள்ளி. டச்டவுனுக்கு 6 புள்ளி. அண்ணா குரல்பதிவில் சொன்ன பெடியனையே எடுத்துக்கொள்வோம். அன்றைய ஆட்டத்தில் அவர் 15 பந்துகளைப் பிடித்து 147 யார்ட் எடுத்தார். 15க்கு 15. 147க்கு 14.7. மொத்தம் 29.7 புள்ளி. ஒரு ரிசீவர் கிழமைக்கு 15 புள்ளி எடுத்தாலே திருப்திப்படும் விளையாட்டில் இது பெரிய தொகை.

நூற்றெழுபத்தேழாவது ஆள்

அந்தப் பெடியனின் பெயர் பூக்கா நக்கூவா. சமோவா, ஹவாய் வழிவந்த குடும்பம். வளர்ந்தது யூட்டா மாநிலத்தில். சிறுவனாக இருந்தபோதே தகப்பனை இழந்தவர். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, பிறகு குடும்பத்துக்குக் கிட்டவுள்ள பிரிகம் யங் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். திறமை தெரிந்தது. ஆனால், காயங்கள் தொடர்ந்தன. மற்றவர்களைத் திகைக்க வைக்கும் ஓட்ட வேகமும் இல்லை. 2023 ட்ராஃப்டில் ஐந்தாம் சுற்றில், 177ஆவது ஆளாக, லொஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் அவரை எடுத்தது.

ஓகஸ்டில் கற்பனை அணிகளை அமைத்தவர்களில் பெரும்பாலானோர் அவரைத் தொடவில்லை. அதில் பிழையும் இல்லை. ஐந்தாம் சுற்றில் வரும் ரிசீவர்களில் அநேகர் முதல் வருடம் வாங்கில் இருந்துவிட்டுப் போவார்கள். ஆனால், கவனித்துப் பார்த்தவர்களுக்கு அங்கே இரண்டு விடயங்கள் தெரிந்திருக்கும்.

முதலாவது, ராம்ஸ் அணியின் நிலைமை. குவாட்டர்பேக் மத்தியூ ஸ்டபோர்ட்டை வாங்குவதற்காக அந்த அணி தன் முதல் சுற்று உரிமைகளை ஏற்கெனவே விற்றிருந்தது. 2022 பெப்ரவரியில் கிண்ணத்தை வென்ற அணி அடுத்த பருவத்தில் 17 ஆட்டங்களில் 12இல் தோற்றது. புதிதாகப் பெரிய பெயர்களை வாங்க வழியில்லை. பிந்திய சுற்றில் வந்தவனுக்கும் அங்கே கதவு திறந்திருந்தது.

இரண்டாவது, கூப்பர் கப். 2021இல் 145 பந்துகளைப் பிடித்து 1,947 யார்ட் எடுத்த அணியின் பிரதான ரிசீவர். அவர் தொடைத் தசைக் காயத்தால் பருவத்தின் முதல் நான்கு ஆட்டங்களில் ஆட முடியாமல் போனது. ஸ்டபோர்ட் எறியத்தான் வேண்டும். யாருக்கு எறிவது?

முதல் ஆட்டத்தில் நக்கூவாவை நோக்கி 15 தடவை எறிந்தார். 10 பிடிப்பு, 119 யார்ட். இரண்டாவது ஆட்டத்தில் 20 தடவை. 15 பிடிப்பு. ஒரே ஆட்டத்தில் ஒரு ரூக்கி இத்தனை பிடித்ததில்லை. பருவம் முடிந்தபோது 105 பிடிப்பு, 1,486 யார்ட், 6 டச்டவுன். ரூக்கி ஒருவரின் யார்ட் சாதனையாக 1960இலிருந்து நின்ற பில் குரோமனின் 1,473 உடைந்தது. பிடிப்புகளை மட்டும் கணக்கிட்டாலும் கற்பனை அணியில் அவருடைய பெறுமதி 289.6 புள்ளி. அவரைப் பொதுக் குளத்திலிருந்து எடுத்தவர்கள் கொடுத்த விலை கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

எதைப் பார்க்க வேண்டும்?

அண்ணாவிடம் பிறகு கேட்டேன், எப்படித் தெரிந்தது என்று. "தெரியேல்ல. முதல் ஆட்டத்தில எத்தனை தரம் எறிஞ்சவங்கள் எண்டு பார்த்தனான்" என்றார். இந்த விளையாட்டில் பழுத்தவர்கள் முதலில் சொல்வதும் இதைத்தான். ரிசீவர் பிடிப்பதற்கு முன் அவரை நோக்கி எறியப்பட வேண்டும். இதை 'டார்கெட்' என்று தனியாக எண்ணுகிறார்கள். ஓர் ஆட்டத்தில் ஓர் அணி முப்பது, முப்பத்தைந்து தடவைதான் எறியும். அதில் எத்தனை பங்கு இவருக்கு வருகிறது என்பதே கணிப்பின் அத்திவாரம்.

டச்டவுன்கள் கண்ணைப் பறிக்கும். ஆனால், அவை ஒரு கிழமை வரும், இரண்டு கிழமை வராது. நக்கூவா முதல் மூன்று ஆட்டங்களில் ஒரு டச்டவுனும் எடுக்கவில்லை. நான்காவது ஆட்டத்தில்தான் முதலாவது வந்தது. டச்டவுனை மட்டும் பார்த்திருந்தவர்கள் அவரைத் தவறவிட்டார்கள்.

அடுத்தது, ட்ராஃப்டில் எத்தனையாவது ஆள் என்பது. இதை எங்களுடைய உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியோடு ஒப்பிட்டால் விளங்கும். அது எந்தக் கதவு திறக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. உள்ளே போன பிறகு என்ன நடக்கும் என்பதை அல்ல. முதல் சுற்றில் எடுத்த வீரருக்கு அணி பெருந்தொகை கொடுத்திருக்கிறது. அவர் இரண்டு பந்தைத் தவறவிட்டாலும் மூன்றாவதும் அவருக்கே வரும். ஐந்தாம் சுற்றில் வந்தவருக்கு அந்தப் பொறுமை கிடைக்காது. ஆகவே, பொதுவாக முன்னுக்கு எடுக்கப்பட்டவர்கள்தான் அதிக புள்ளியும் எடுக்கிறார்கள்.

ஆனால், பொதுவாகத்தான். 2016இல் முதல் சுற்றில், 23ஆவது ஆளாக மினசோட்டா எடுத்த லக்குவோன் ட்ரெட்வெல் அந்தப் பருவம் முழுவதிலும் பிடித்தது ஒரேயொரு பந்து. அவருக்கு முன்னால் 22ஆவதாகப் போன ஜொஷ் டொக்ஸன் இரண்டு. அதே ட்ராஃப்டில் இரண்டாம் சுற்றில், 47ஆவது ஆளாகப் போன மைக்கல் தோமஸ் 92 பந்துகளைப் பிடித்து 1,137 யார்ட் எடுத்தார். 2020இல் பிலடெல்பியா 21ஆவதாக ஜேலன் றேகரை எடுத்தது. அடுத்த உரிமை மினசோட்டாவுக்கு. அது ஜஸ்டின் ஜெபர்சனை எடுத்தது. றேகருக்கு அந்த வருடம் 396 யார்ட். ஜெபர்சனுக்கு 1,400. இரண்டு பேருக்கும் இடையில் தெரிவு மேசையில் இருந்தது ஓர் இடம்.

மூன்றாவது, எறிபவர் யார் என்பது. 2021இல் சின்சினாட்டி எடுத்த ஜமார் சேஸ், குவாட்டர்பேக் ஜோ பரோவோடு ஏற்கெனவே பல்கலைக்கழகத்தில் ஒன்றாக ஆடியவர். அந்தப் புரிதல் முதல் வருடத்திலேயே 1,455 யார்ட்டையும் 13 டச்டவுனையும் தந்தது. ஆனாலும், நல்ல எறிகாரர் இல்லாவிட்டால் வாய்ப்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2024இல் நியூயோர்க் ஜயன்ட்ஸ் 17 ஆட்டங்களில் மூன்றைத்தான் வென்றது. பருவத்தின் நடுவில் தன் பிரதான குவாட்டர்பேக்கையே அனுப்பிவிட்டது. அந்தக் குழப்பத்துக்குள் நின்ற ரூக்கி மலிக் நேபர்ஸ் 15 ஆட்டங்களில் 109 பந்துகளைப் பிடித்தார். ஏனென்றால், யார் எறிந்தாலும் அவருக்கே எறிந்தார்கள். எறிபவரின் தரமா, எறியும் எண்ணிக்கையா என்று வந்தால் எண்ணிக்கையின் பக்கம் நிற்பது பாதுகாப்பு.

நான்காவது, ஓகஸ்ட் மாதச் செய்திகளை எவ்வளவு நம்புவது என்பது. அதே ஜமார் சேஸ் பயிற்சி ஆட்டங்களில் பந்துகளைத் தொடர்ந்து தவறவிட்டார். பல்கலைக்கழகப் பந்தில் வெள்ளைக் கோடுகள் உண்டு, இந்தப் பந்தில் இல்லை, அதனால் பார்ப்பது கஷ்டமாக இருக்கிறது என்று சொன்னார். ஊரே சிரித்தது. பலர் அவரைத் தங்கள் பட்டியலில் கீழே இறக்கினார்கள். செப்டெம்பரில் முதல் ஆட்டத்திலேயே அவர் நூறு யார்ட்டைத் தாண்டினார்.

ஐந்தாவது, பொறுமை. டிற்றொயிட் அணி 2021இல் நான்காம் சுற்றில், 112ஆவதாக எடுத்த ஆமொன்-ரா சென்ட் பிறவுன் முதல் பதினொரு ஆட்டங்களில் பிடித்தது 39 பந்து. கடைசி ஆறு ஆட்டங்களில் 51. திட்டப் புத்தகம் மனதில் பதிய, குவாட்டர்பேக்கின் நம்பிக்கை வர, நேரம் எடுக்கும். ஒக்டோபரில் கைவிடப்பட்ட ரூக்கி டிசெம்பரில் இன்னொருவருக்குக் கிண்ணம் வாங்கிக் கொடுப்பது இந்த விளையாட்டில் வழக்கமான கதை. தனக்கு முன்னால் எடுக்கப்பட்ட பதினாறு ரிசீவர்களின் பெயரையும் சென்ட் பிறவுன் வரிசையாக ஒப்புவிப்பார். மறக்கவில்லை.

விலையும் பெறுமதியும்

இத்தனையையும் பார்த்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சும். 'நன்றாக ஆடுவாரா' என்பது பாதிக் கேள்விதான். 'நான் கொடுக்கும் விலைக்கு ஆடுவாரா' என்பதுதான் முழுக் கேள்வி.

2024இன் மார்வின் ஹரிசன் ஜூனியர் இதற்குப் பொருத்தமான உதாரணம். தகப்பன் இந்த விளையாட்டின் புகழ் மண்டபத்தில் இருக்கும் ரிசீவர். மகனைத் தலைமுறைக்கு ஒருவர் என்றார்கள். அரிசோனா 4ஆவது ஆளாக எடுத்து, நான்கு வருடத்துக்கு ஏறத்தாழ 35 மில்லியன் டொலர் உறுதிப்படுத்தியது. ஐந்தாம் சுற்றில் வந்த நக்கூவாவின் நான்கு வருட ஒப்பந்தமோ ஏறத்தாழ 4 மில்லியன். கற்பனை அணிகளிலும் ஹரிசன் முதல் இரண்டு சுற்றுகளுக்குள் போனார். அதாவது, நிரூபித்த நட்சத்திரங்களை விட்டுவிட்டு அவரை எடுத்தார்கள். முதல் ஆட்டத்தில் ஒரு பிடிப்பு, 4 யார்ட். இரண்டாவது ஆட்டத்தில் 130 யார்ட், இரண்டு டச்டவுன். பருவ முடிவில் 62 பிடிப்பு, 885 யார்ட், 8 டச்டவுன்.

அந்த வருட ரூக்கிகளை அவர்கள் எடுக்கப்பட்ட வரிசையிலேயே வைத்துப் பாருங்கள். பிடிப்பு, யார்ட், பிடித்த டச்டவுன் ஆகியவற்றை மட்டும் கூட்டியிருக்கிறேன். 4ஆவதாகப் போன ஹரிசன் 198.5 புள்ளி. 6ஆவதாகப் போன நேபர்ஸ் 271.4. 23ஆவதாகப் போன பிரையன் தோமஸ் ஜூனியர் 275.2. இரண்டாம் சுற்றில் 34ஆவதாகப் போன லாட் மக்கொங்கி 238.9.

ஹரிசன் மோசமாக ஆடவில்லை. 22 வயதில் முதல் வருடத்தில் எட்டு டச்டவுன் எடுத்த ஒருவரை யாரும் தோல்வி என்று சொல்ல முடியாது. ஆனால், கற்பனை அணி வைத்திருந்தவர்கள் சொன்னார்கள். அவர்கள் திட்டியது அவருடைய ஆட்டத்தை அல்ல. தாங்கள் கொடுத்த விலையை. அவருடைய பெயரில் தாங்கள் கட்டிய எதிர்பார்ப்பை அவரே உடைத்துவிட்டதாக நினைத்தார்கள். தகப்பன் பெயரோடு வரும் பிள்ளைகளுக்கு இது எங்கேயும் நடப்பதுதான்.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி பிறக்கிறது. ரூக்கி ரிசீவரை முதல் இரண்டு, மூன்று சுற்றுகளில் எடுப்பது என்பது அவருடைய உச்சத்தை முன்பணம் கொடுத்து வாங்குவது. எட்டாம், ஒன்பதாம் சுற்றில் எடுத்தால் சரிவந்தால் இலாபம், சரிவராவிட்டால் கைவிட்டுப் போகலாம். வீரர்களை வருடக்கணக்காக வைத்திருக்கும் லீக்குகளில் மட்டும் இந்தக் கணக்கு மாறும். அங்கே இருபத்தொரு வயது என்பதே ஒரு சொத்து.

புள்ளிக்குப் பின்னால் ஓர் உடம்பு

இந்தக் கணக்குகளைப் படிக்கப் படிக்க எனக்குள் ஓர் உறுத்தல் வந்தது. 'அவன் என்னட்ட இருக்கிறான்', 'அவனை வித்திட்டன்', 'அவனைத் தூக்கிப் போடு' என்பதுதான் இந்த விளையாட்டின் மொழி. பேசுபவர்களிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால், அந்த வீரர்களில் பெரும்பான்மையினர் கறுப்பின இளைஞர்கள். வசதியற்ற வீடுகளிலிருந்து வந்தவர்களும் அவர்களுள் இருக்கிறார்கள்.

109 பந்துகளைப் பிடித்து ரூக்கி ரிசீவர்களின் சாதனையை நக்கூவாவிடமிருந்து பறித்த மலிக் நேபர்ஸ், தன் இரண்டாவது பருவத்தின் நான்காவது ஆட்டத்தில், 2025 செப்டெம்பர் 28 அன்று, முழங்கால் தசைநார் கிழிந்து விழுந்தார். அந்தப் பருவம் அவருக்கு அத்தோடு முடிந்தது. அவரை வைத்திருந்தவர்களின் தொலைபேசியில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு எழுத்து தோன்றியிருக்கும். அடுத்த கேள்வி, பொதுக் குளத்தில் யார் மிச்சம் என்பது. வீரர்களின் சங்கம் சொல்லிவரும் கணக்கின்படி ஒருவரின் சராசரித் தொழில் ஆயுள் மூன்று வருடம் சொச்சம்தான்.

முழங்கால் ஆறும். தலை ஆறாது. தலையில் விழுந்த அடிகளால் பின்னாளில் மறதி நோய்க்கும் மூளைச் சிதைவுக்கும் ஆளான முன்னாள் வீரர்கள் வழக்குப் போட்டார்கள். 2015இல் நீதிமன்றம் ஓர் இணக்கத்தை அங்கீகரித்தது. நூறு கோடி டொலருக்கு மேல் இழப்பீடாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால், அந்த இழப்பீட்டுக்கான பரிசோதனையில் ஒரு பொறி இருந்தது. கறுப்பின வீரர்களின் மூளைத் திறன் தொடக்கத்திலேயே குறைவாக இருந்திருக்கும் என்ற அனுமானத்தோடு புள்ளி கணக்கிடப்பட்டது. தொடக்கமே குறைவு என்றால் இழப்பும் குறைவு. ஒரே அளவு பாதிக்கப்பட்ட இருவரில் வெள்ளையருக்கு இழப்பீடு கிடைக்க, கறுப்பினத்தவருக்குக் கிடைக்காமல் போகலாம். வீரர்களும் அவர்களின் மனைவிமாரும் போராடிய பிறகு, 2021 ஜூனில்தான் அந்த முறையைக் கைவிடுவதாகத் தொடர் நிர்வாகம் அறிவித்தது. இழப்பை அளக்கும் கோல் யாருடைய கையில் இருக்கிறது என்ற கேள்வி எங்களுக்குப் புதியதல்ல.

லீக்கிலிருந்து சூதுக்கு

கடைசியாகக் காசு. அண்ணாவின் லீக்கில் பன்னிரண்டு பேர். வேலைத்தள நண்பர்கள். ஆளுக்கு ஐம்பது டொலர் வருடத் தொடக்கத்தில் போடுவார்கள். தோற்றாலும் ஐம்பதுக்கு மேல் போகாது. கடைசியாக வருபவர் எல்லோருக்கும் சாப்பாடு வாங்கிக் கொடுக்க வேண்டும். அந்த லீக்கில் சேர்ந்த பிறகுதான் மத்தியான இடைவேளையில் தன்னோடு மற்றவர்கள் கதைக்கத் தொடங்கினார்கள் என்று அவர் ஒருமுறை சொன்னார்.

ஆனால், இந்த விளையாட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கதவு இருக்கிறது. இணையச் சூதாட்டத்தைக் கட்டுப்படுத்த 2006இல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டம் கற்பனை அணி விளையாட்டுக்கு விலக்களித்தது. திறமையால் வெல்லும் விளையாட்டு என்பது காரணம். 2018இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கான நாடு தழுவிய தடையை நீக்கியது. 2022 ஏப்ரல் 4இலிருந்து ஒன்ராறியோவில் தனியார் பந்தயச் செயலிகள் சட்டபூர்வமாக இயங்குகின்றன. ரூக்கியின் புள்ளியைப் பார்க்கும் அதே தொலைபேசியில், அதே ரூக்கி இன்றைக்கு எழுபது யார்ட்டைத் தாண்டுவாரா என்று இருபது டொலர் கட்டலாம்.

அண்ணாவும் கட்டினார். ரூக்கிகளைப் பற்றித் தனக்குத் தெரியும் என்ற நம்பிக்கைதான் அவரை அங்கே கொண்டுபோனது. லீக்கில் எதிரே இருப்பவர் அவரைப் போல ஒரு மனிதர், அவரைப் போலவே பிழை விடுபவர். பந்தயச் செயலியில் எதிரே இருப்பது தன் இலாபத்தை விலைக்குள் முன்னரே சேர்த்துவிட்ட ஒரு நிறுவனம். அங்கே பருவ முடிவும் இல்லை, ஐம்பது டொலர் எல்லையும் இல்லை. எவ்வளவு போனது என்று நான் அவரிடம் கேட்கவில்லை. அண்ணிதான் சொன்னார், இரண்டு மாத வீட்டுத் தவணைக்கு மேல் என்று. அண்ணி கண்டுபிடித்த அன்றைக்கே அவர் செயலியை அழித்துவிட்டார். லீக்கை விடவில்லை. விடச் சொல்லி அண்ணியும் கேட்கவில்லை.

இது கடல் கடந்த கதை மட்டுமல்ல. இந்தியக் கிரிக்கெட் அணியின் மேற்சட்டையில் ஒரு கற்பனை அணி நிறுவனத்தின் பெயரை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2025 ஓகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் காசு கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்த பிறகுதான் அந்தப் பெயர் அங்கிருந்து போனது. எங்கள் ஊர்ப் பெடியளின் தொலைபேசிகளிலும் இத்தகைய செயலிகளின் விளம்பரம் வந்துகொண்டுதான் இருக்கிறது. 'உனக்குக் கிரிக்கெட் தெரியும், காசாக்கு' என்ற அழைப்பில் முதல் பாதி உண்மையாக இருக்கலாம். இரண்டாவது பாதியை விளையாட்டு அறிவு தீர்மானிப்பதில்லை.

போன ஓகஸ்டிலும் அண்ணா அழைத்தார். ஒரு ரூக்கியின் பெயரைச் சொல்லி, "எடுக்கவோ, விடவோ?" என்று கேட்டார். எனக்கு இப்போது இவ்வளவு தெரியும் என்பது அவருக்குச் சிரிப்பு. நானும் கேள்விகளைக் கேட்டேன். அணியில் வேறு ரிசீவர்கள் யார்? யார் எறிகிறார்? எத்தனையாம் சுற்றில் எடுக்க வேண்டி வரும்? மூன்றாம் சுற்று என்றார். "விலை கூட, அண்ணா" என்றேன். "அப்ப விடுவம்" என்றார்.

பிறகு வழக்கம்போல, விடுபட்ட காணிகளின் பட்டியலில் தங்கள் வளவும் வந்திருக்கிறதா என்று கேட்டார். இன்னும் இல்லை என்று சொன்னேன். சரி, தான் பெரியம்மாவுக்குச் சொல்கிறேன் என்றுவிட்டு, அன்றிரவு நடக்கும் தங்கள் லீக்கின் தெரிவுக்கு ஆயத்தமாகப் போனார்.